வாசலில் சொன்னது

கடலூர்
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கலைமணி எழுதுகிறேன். நான் நடமாட்டமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி மட்டுப்பட்டதா? மாமாவுக்குச் சளி விட்டதா?

பொங்கலன்று போன் செய்தால் "கேக்கல, கேக்கல" என்று சொல்லி மாமாவிடம் கொடுத்துவிட்டாய். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், கூடப் பிறந்தவளோடு பேச முடியாமல் தபால் எழுதுகிறேன். காது மிஷின் வாங்கிக்கொள் என்றால் கோபம் வேறு வருகிறது உனக்கு.

அந்த இல்லத்தில் நான் என்னதான் செய்கிறேன் என்று மாமா கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை. குடியிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் மீள வந்த பெண்கள் இருக்கிறார்கள். டாக்டர் வருவார், சிஸ்டர் நித்யா மேரி பார்த்துக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். வாந்தி எடுத்தால் தலையைப் பிடிப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். சில நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். உடம்பு அசதி இல்லை இது. ஒரே கதையை வேறு வேறு வாயால் கேட்கிற அசதி.

ஒரு விஷயமாகத்தான் எழுதுகிறேன். இளமதி என்று ஒருத்தி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையின் எண்ணெய் பட்டு உள்ளங்கை எல்லாம் கறுத்து உரிந்திருக்கும். எரிச்சலில் தூக்கம் வராமல் கூட வேலை செய்தவள் கொடுத்ததைக் குடித்தாளாம். பிறகு எரிச்சல் இல்லாத நாளிலும் குடித்தாள். புருஷன் இல்லை. ஏழு வயசுப் பெண் அருள்மொழியை மாமியார் திட்டக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "ஒரு வருசம் மோந்து பாக்காம இரு, புள்ளைய அனுப்புறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இவள் உயிரோடு இருக்கிறாள்.

அடுத்த மாதம் வெளியே போக வேண்டும். பண்ருட்டிக்குப் போனால் பழைய கூட்டம். உன் சமையலுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றாயே, இவளை வைத்துக்கொள்வாயா? எதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். யோசித்துச் சொல்.

உன் தங்கை,
கலைமணி


சிதம்பரம்
2.2.2025

அன்புள்ள கலைக்கு,

அக்காவின் ஆசி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, இனி அது என்னோடுதான் போகும். மாமா சௌக்கியம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்தைப் பார்த்தால் சாப்பிடுகிறவள் எழுத்து மாதிரி இல்லை.

கடிதத்தைப் படித்ததும் மாமாவிடம் சொன்னேன், "பாருங்க, குடிகாரிய நம்ம வூட்டுக்கு அனுப்பறாளாம், நல்லாருக்குல்ல" என்று. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆம்பள குடிச்சா ஊரே சேர்ந்து தாங்குது. பொம்பள குடிச்சா மட்டும் எங்க போவா?" என்றார். டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவருக்கு இவ்வளவு பேச வரும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். நீ ஊரார் பாரத்தையெல்லாம் தூக்கித் தூக்கி இளைத்துப் போகிறாய். இப்போது எனக்கும் ஒரு சுமையைப் பார்சல் கட்டுகிறாய். சரி, அனுப்பு. உனக்காக இல்லை. கோர்ட்டுக்கும் பாங்குக்குமாக மதியச் சாப்பாடு அனுப்ப வேண்டியிருக்கிறது. காய் நறுக்கியவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஒற்றை ஆளாக என்னால் முடியவில்லை.

ஆனால் ஒன்று. அவள் யார், எங்கிருந்து வருகிறாள் என்று தெருவில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. மங்கலம்பேட்டையில் மாமாவுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லிவிடுகிறேன். பின் கட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பாடு, சம்பளம், ஞாயிறு லீவு. வாய்க்கு வாய் பேசினால் மறு பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

மோரில் உப்புப் போட்டுக் குடி. ரத்தம் பரிசோதித்துப் பார்.

உன் அக்கா,
அமிர்தம்


கடலூர்
21.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்காதே. நான் சுகம், ரத்தமும் பார்த்தேன், கொஞ்சம் குறைச்சல்தான். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி காலை பஸ்ஸில் இளமதி வருகிறாள். மாமாவைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல். சாம்பல் நிறப் பை, நீலப் புடவை. அந்தப் புடவை நாங்கள் வாங்கிக் கொடுத்தது. இங்கே வந்தபோது உடுத்தியிருந்த துணியை அவள் கையாலேயே குப்பையில் போடச் சொல்லிவிட்டோம்.

வழியனுப்புவது எப்படி என்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். முன்பு ஒருத்தி வீட்டுக்குப் போகும்போது பழக்க தோஷத்தில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே குடித்துவிட்டு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து போகிறவர்கள் வாயால் அந்தச் சொல் வரலாமா? நம் அம்மா எவ்வளவு கண்டிப்பாக இருப்பாள் இதிலே! அன்றிலிருந்து நான்தான் புது வழக்கம் கொண்டுவந்தேன். போகிறவள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். உள்ளே நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வோம்: "இனிமே இந்த வாசல நீ மிதிக்கக் கூடாது. திரும்பிப் பாக்காம போ." சிஸ்டர் நெற்றியில் சிலுவை போடுவார். அவ்வளவுதான். இன்று இளமதிக்கு ஒத்திகை மாதிரி சொன்னபோதே பாதிப் பேர் அழுதோம்.

மறுபடி குடித்தால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. நல்லபடியாகக் கிளம்புகிற நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அவளுக்கு எதுவும் ஆகாது. அவள் பெண்ணோடு ஞாயிற்றுக்கிழமை போனில் பேச விட்டுவிடு, போதும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கலைமணி


சிதம்பரம்
23.3.2025

அன்புள்ள கலைக்கு,

இங்கே மூவரும் சுகம். மூவர் என்று எழுதும்போதுதான் கவனித்தேன், அவளையும் சேர்த்துவிட்டேன். வெயிலில் சுற்றாதே, உனக்குத் தலைவலி வரும்.

உன் ஆள் வேலைக்காரிதான். வாழைப்பூவை அவள் ஆய்கிற வேகத்தில் எனக்கு நார்கூட எடுக்க வராது. என்னைப் பெரியம்மா என்கிறாள். உன்னை அம்மா என்றால் நான் பெரியம்மா, முறை சரியாகத்தான் இருக்கிறது. மாமாவுக்கு அவள் ரசம்தான் வேண்டுமாம். நாற்பது வருஷம் நான் வைத்த ரசத்தை என்ன நினைத்துக் குடித்தாரோ.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குளித்துத் தலை வாரிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். பெண்ணோடு போனில் பேச எதற்கடி பூ வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். "கொரலு நல்லாருக்கும் பெரியம்மா" என்றாள். லீவு விட்டதும் மே மாசத்தில் பிள்ளையைக் கூட்டி வந்து பத்து நாள் விடுகிறேன் என்று மாமியார் சொல்லியிருக்கிறாளாம். பாவாடைத் துணி இப்போதே எடுத்துத் தைத்தாகிவிட்டது. அளவு தெரியாமல் இரண்டு அளவில் தைத்திருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். கடலூர் பேச்சு எடுத்தாலே அவள் வாயை மூடிக்கொள்கிறாள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போய்க் குளித்துவிட்டு அப்படியே கலையைப் பார்த்துவிட்டு வரலாமா என்றேன். முகம் செத்துப்போனது. "அந்தப் பக்கம் நான் வரக் கூடாது பெரியம்மா" என்றாள். வாசலில் நீங்கள் ஏதோ சொல்லி அனுப்பியதை அவள் ரொம்ப ஆழமாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பார்த்துக்கொள்.

மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன்.

அமிர்தம்


கடலூர்
17.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஊறுகாய் வந்தது. பழைய சோற்றுக்கு அதுதான் துணை. நான் சுகம், இடுப்புதான் பிடித்துக்கொண்டது. புதிதாக வந்தவள் ஒருத்தி குளியலறையில் விழுந்தாள், தூக்கும்போது எனக்கும் சுளுக்கிவிட்டது. நீ கனமான பாத்திரம் எதுவும் தூக்காதே.

இளமதி கடலூர்ப் பக்கம் வர மாட்டேன் என்றால் நல்லதுதானே. அதற்காகத்தானே சொல்லி அனுப்புகிறோம். ஒரு செய்தி கேள். போன வாரம் பணம் கொடுக்கிற ட்ரஸ்ட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "இந்த ஒன்றரை வருசமா இங்கேருந்து போனவங்க யாருமே திரும்பி வரலையே சிஸ்டர், மத்த எடத்துல பாதிப்பேர் வராங்களே, எப்படி?" என்று கேட்டார்கள். சிஸ்டர் என்னைக் கைகாட்டினார். வாசல் வழக்கத்தைச் சொன்னேன். கை தட்டினார்கள். அறுபது வயசுக்கு மேல் கைதட்டல் வாங்கினேன் அக்கா! டெலிபோன் ஆபீஸில் ஒருத்தன் தட்டியதில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன், வெட்கம்தான்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. பிறகு பழையபடி வாந்தி வாளி, அழுகை, புகார். என் பிள்ளை வயசுப் பெண் ஒருத்தி இன்று என் கையைக் கடித்துவிட்டாள். கடித்துவிட்டு அவளே மருந்து போட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அருள்மொழி வந்ததும் எழுது. எந்தப் பாவாடை சரியாக இருந்தது என்று அவசியம் எழுது.

கலைமணி


சிதம்பரம்
9.6.2025

அன்புள்ள கலைக்கு,

சுகம். எழுதத் தாமதமாகிவிட்டது. சமையல் வேலை ஜாஸ்தி. உன் இடுப்பு தேவலையா?

மே மாசம் பிள்ளை வரவில்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லையாம், லீவும் முடிந்துவிட்டது. இளமதிக்குக் காய்ச்சல். பின் கட்டில் படுத்திருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த மாதம் வருகிறேன் என்று மாமாவிடம் போனில் சொன்னாயாமே, இப்போது வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமானெல்லாம் நடுக்கூடத்தில் கிடக்கிறது. உனக்குப் படுக்க இடம் இருக்காது. அடுத்த மாதம் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறது.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

அமிர்தம்


கடலூர்
20.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். இந்தப் பருவத்தில் எல்லோருக்கும் வருகிறது. கஞ்சி கொடு. வெள்ளையடித்து முடித்ததும் சொல், வருகிறேன்.

இங்கே புதுசாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள், கட்டில் போதவில்லை. வேறு விசேஷம் இல்லை. பலாப்பழம் நன்றாக இருக்கிறது இந்த வருஷம், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

கலைமணி


சிதம்பரம்
8.7.2025

கலைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமலே ஆரம்பிக்கிறேன். மன்னித்துக்கொள்.

வெள்ளையடிக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. அவள் குடித்தாள்.

மே கடைசி ஞாயிறு. பிள்ளை வரும் என்று வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தாள். சாயந்திரம் போன் வந்தது. "உன்ன நம்பி எப்புடி அனுப்புறது, வருசம் முடியட்டும்" என்று மாமியார் சொல்லிவிட்டாள். உடம்பு சரியில்லை என்று உனக்கு எழுதியதும் என் கற்பனைதான். அன்று வெளியே போனவள் இருட்டிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "கலையம்மாகிட்ட சொல்லிடாதீங்க பெரியம்மா. அந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னு அத்தினி பேரும் சொன்னாங்க. மீறிப் போனா என் பொண்ணுக்கு எதனா ஆயிடும்" என்று அழுதாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்கும் ஒரு திமிர் இருந்தது. கலைதான் செய்வாளா, நானும் செய்து காட்டுகிறேன் என்று. வேலைக்கு வருவாள், இரண்டு நாள் நன்றாக இருப்பாள், மூன்றாம் நாள் காணாமல் போவாள். போகப் போகத் தினமும் குடி என்றாகி, ஒரு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் பின் கட்டில் வைத்துப் பூட்டினேன். ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது, எலுமிச்சைச் சாறும் மோரும்தான். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, எதையோ பார்த்துப் பேசினாள். விஷம் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர் அன்று காலையில் சத்தம் கேட்டு மாமா ஓடினார். எனக்குத்தான் காது இல்லையே. தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறது. நாக்கைக் கடித்து ரத்தம். நாலு வீதியிலும் ஜனம், தேர் நகர்கிறது, ஆட்டோ உள்ளே வரவில்லை. சந்து சந்தாக மாமாவும் எதிர் வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். தெருவுக்கே தெரிந்துவிட்டது, தெரியட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். தினம் குடித்தவளுக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிர் போகும், இதுகூடத் தெரியாதா என்றார். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் நீ. நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. உனக்குப் போன் போடலாம் என்று மாமா எடுத்தார், அவள் அரை மயக்கத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பிழைத்துவிட்டாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். இனி என் கையில் இல்லை. உன் சொல்லை நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

அமிர்தம்


கடலூர்
29.7.2025

அக்கா,

மூன்று வாரம் ஆகிவிட்டது எழுத. உன் கால் எப்படி இருக்கிறது? அந்தச் சந்துகளில் நீ நொண்டிக்கொண்டு போனதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்று நீ எழுதினாயே, படித்த நிமிஷமே எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இந்தக் காய்ச்சலை எத்தனை வீட்டார் வாயால் கேட்டிருக்கிறேன். அன்று சாயந்திரமே பஸ் ஏறியிருந்தால் வலிப்பு வந்திருக்காது. ஏறவில்லை. முடியவில்லை அக்கா. இன்னும் ஒருத்தி விழுந்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. கஞ்சி கொடு என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சிஸ்டரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். பிறகு, "அப்படின்னா மத்தவங்க?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றுவிட்டது. யாருமே திரும்பி வரவில்லை என்று கை தட்டினார்களே. குணமாகி வராமல் இருந்தார்களா, வர முடியாமல் இருந்தார்களா?

தேடிப் போனேன். இன்னாசிமேரி முதல். இங்கேதான், ஓல்டு டவுன். அவள் புருஷன் டேவிட் ராஜ் வாசலிலேயே சொன்னான்: "பழையபடிதான் இருக்குறா மேடம். உங்க ரோட்டுப் பக்கமே வர மாட்டேங்குறா. மார்க்கெட்டுக்குக்கூட சுத்திக்கிட்டுத்தான் போவா. நீங்க யாராவது பாத்துடுவீங்களாம்." உள்ளே ஒரு மூலையில் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

பிறகு மங்கலம்பேட்டைக்குப் போனேன். மாலதி. மாத்திரைக்கு அடிமையாகி வந்தவள், நன்றாகப் பாடுவாள், போகும்போது திரும்பிப் பார்க்காமல் போனதில் எல்லோரையும் மிஞ்சினவள். வீட்டில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பங்குனியில் போய்விட்டாளாம். நான் கைதட்டல் வாங்கியபோது அவள் இல்லை. அவள் அம்மா எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "கடைசியில உங்க எடத்துக்கு கூட்டிட்டுப் போறோம்னோம். அங்க போவக் கூடாதும்மா, தெய்வக் குத்தம்னு சொல்லிட்டாம்மா" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

காபியைக் குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

இன்னும் பாதிப் பேரைப் பார்க்க வேண்டும். போய்க்கொண்டே இருக்கிறேன். வாசல் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். இளமதியை இங்கே அனுப்பு, ஆஸ்பத்திரி மாத்திரை மட்டும் போதாது. நான் வந்து கூப்பிட்டால் வருவாளா என்று கேள்.

கலை


சிதம்பரம்
14.8.2025

அன்புள்ள கலைக்கு,

என் கால் கிடக்கட்டும். நீ முதலில் ஒரு நாள் படுத்துத் தூங்கு. உன் கடிதத்தை மாமா எனக்குக் காட்டாமல் ஒரு நாள் வைத்திருந்தார், அப்படி எழுதியிருக்கிறாய். போன கடிதத்தில் உன்னைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். பூட்டியது நான், நீ இல்லை.

மாலதி விஷயத்தை இளமதியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லாமல் வைத்துத்தானே இவ்வளவும் ஆனது என்று சொல்லிவிட்டேன். அவள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இல்லத்தில் அவளுக்கும் மாலதியைத் தெரியுமாம், பக்கத்துக் கட்டிலாம்.

அவளுக்குப் பயம் வாசல் மட்டும் இல்லை. மறுபடி இல்லத்தில் சேர்ந்தால் திட்டக்குடிக்குத் தெரிந்துவிடும். வருஷக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். சேராமல் இங்கேயே மறைத்து வைத்துக்கொண்டால் மாசியில் பிள்ளை வந்துவிடும். "இன்னும் கொஞ்ச மாசம்தானே பெரியம்மா, பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துடுறேன்" என்றாள் முதலில். நானும் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கும் ஆசை.

நேற்று ஞாயிறு இல்லை, ஆனாலும் தானாகவே போன் எடுத்தாள். திட்டக்குடிக்குப் பேசினாள். என்ன பேசினாள் என்று என் காதுக்கு எட்டவில்லை, மாமா கடைக்குப் போயிருந்தார். வைத்துவிட்டு வந்து, "பையை எடுத்துத் தாங்க பெரியம்மா" என்றாள். வெள்ளிக்கிழமை போனால் நல்லது என்று இருபத்திரண்டாம் தேதி மாமா கூட்டி வருகிறார். கேட் வரைக்கும்தான் வருவேன் என்கிறாள். அதற்கு மேல் உன் பாடு.

உனக்குப் பருப்புப் பொடி வைத்திருக்கிறேன்.

அமிர்தம்


கடலூர்
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். பருப்புப் பொடி ஒரு பிடி அப்போதே தின்றேன், வெறும் வாயில். உன் கால் வலிக்கு இங்கே ஒரு தைலம் சொல்கிறார்கள், வாங்கி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். மாமாவுக்கு முழுசாகத் தெரியாது, எதிரே டீக்கடையில் இருந்தார்.

நான் காலையில் பண்ருட்டி போய் ஒரு பெண்ணைத் தேடிவிட்டு, கிடைக்காமல், பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். நல்ல வெயில். வந்தால் கேட்டுக்கு வெளியே ரோட்டில் பையோடு நிற்கிறாள். கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள், சிஸ்டர் உள்ளே நிற்கிறார், இவள் உள்ளே போகவில்லை. அதே நீலப் புடவை. பாதியாக இளைத்துவிட்டாள் அக்கா, நீ எழுதவே இல்லையே.

"வாம்மா" என்றேன். அசையவில்லை. "நான் சொன்னதுதான் அது. சாமி சொல்லல. வெவரம் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். "தெரியும் கலையம்மா. தெரிஞ்சும் காலு வர மாட்டேங்குது" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இத்தனை வருஷமாகப் பேசிய பேச்செல்லாம் பேசிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மதில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், ரோட்டில், செருப்புக்குப் பக்கத்தில். இனி ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டக்குடிக்கு என்ன பேசினேன் என்று அவளாகவே சொன்னாள். மாமியாரிடம் மறுபடி குடித்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவள், "சரி, வருசம் இன்னையிலேருந்து" என்றிருக்கிறாள், திட்டாமல். அதுதான் இவளுக்கு அதிகமாக வலித்ததாம். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்தாளாம். "அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறேன்டி" என்று இவள் சொல்ல, அது, "சரி, போயிட்டு வாம்மா" என்றதாம்.

"அதுக்கு என்னா தெரியும் கலையம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறவங்ககிட்ட அப்படிச் சொல்லக் கூடாதுன்னு?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஏழு வயசுக் குழந்தை சொன்ன சரியான சொல்லை இத்தனை பேருக்கு நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தவள், "என்னா இப்புடி வேர்க்குது உங்களுக்கு? சாப்புட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "வயசான காலத்துல இந்த வெயில்ல யாரு ரோட்டுல உக்காருவா? எந்திரிங்க. உள்ள போயி ஃபேனடியில உக்காருவீங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். உரிந்து காய்த்துப்போன கைகள்தான், பிடி பலமாக இருந்தது. என் இடுப்பில் கை கொடுத்து, தன் பையையும் எடுத்துக்கொண்டு, என்னை மெதுவாக நடத்திக் கூட்டிப் போனாள். கேட்டைத் தாண்டியதை அவள் கவனிக்கவில்லை. சிஸ்டரைப் பார்த்து, "ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க" என்று அதட்டினாள்.

நான் கவனித்தேன். வாயைத் திறக்காமல் அவள் மேல் சாய்ந்தபடியே நடந்தேன்.

உன்
கலை